பக்கத்துத் தெருப் பூங்காவில் உட்காரும் முறை

சென்னை மாநகராட்சியின் கையில் 700-க்கும் மேற்பட்ட பூங்காக்கள் இருக்கின்றன. பனகல் பார்க், நடேசன் பார்க், அண்ணா நகர் டவர் பார்க் என்று ஊரறிந்தவை அதில் கொஞ்சம்தான். மற்றவற்றுக்குப் பலகையில் எந்தத் தலைவர் பெயர் இருந்தாலும் வாயில் வருவது 'தண்ணி டேங்க் பார்க்', 'ரேஷன் கடை பார்க்', 'மூணாவது குறுக்குத் தெரு பார்க்' என்பதுதான். அரை ஏக்கர், மிஞ்சினால் ஒரு ஏக்கர். நாலு பெஞ்சு, ஒரு சறுக்குமரம், கிறீச்சிடும் ஊஞ்சல், இரண்டு புங்கமரம், சுற்றிவர ஒரு நடைபாதை. வண்டி நெரிசல், அலுவலகம், போன், வீட்டில் ஓயாத டிவி எல்லாவற்றிலிருந்தும் அரை மணி நேரம் ஒதுங்க நினைக்கிறவருக்கு, ஞாயிற்றுக்கிழமை பஸ் ஏறிப் போகும் பெரிய பூங்காவைவிட, ஐந்து நிமிட நடையில் இருக்கும் இந்த மாதிரி ஒன்றுதான் உதவும் என்பது என் கட்சி.

பசுமையின் அளவை வைத்து இதைச் சொல்லவில்லை. பழக்கத்தை வைத்துச் சொல்கிறேன். புது இடத்தில் உட்கார்ந்தால் கண்ணும் காதும் காவல் வேலை பார்த்துக்கொண்டே இருக்கும். பின்னால் வருவது யார், அந்த நாய் கடிக்குமா, கேட்டை எத்தனை மணிக்குப் பூட்டுவார்கள், செருப்பைக் கழற்றி வைத்தால் இருக்குமா என்று உள்ளே ஒரு கேள்வி ஓடிக்கொண்டிருக்கும். தெரிந்த பூங்காவில் இந்தக் கேள்விகளுக்கெல்லாம் பதில் கைவசம் இருக்கிறது. உடற்பயிற்சிக் கருவி 'டங்' என்று இடித்தால் தலை திரும்பாது. அது எந்தக் கருவி, எந்தப் பெரியவர் என்றுகூடத் தெரியும். சத்தம் அதேதான், பதறுவதுதான் இல்லை. ஆகவே அமைதி வேண்டும் என்பவர் செய்ய வேண்டியது, அமைதியான பூங்காவைத் தேடி அலைவதை நிறுத்திவிட்டு, பக்கத்தில் இருப்பதைத் திட்டமிட்டுப் பழக்கிக்கொள்வது. அதற்குச் சில வாரங்கள் பிடிக்கும். சில கணக்குகளும் உண்டு.

எவ்வளவு நேரம் என்பதற்கு ஓர் அளவு இருக்கிறது. இங்கிலாந்தில் கிட்டத்தட்ட 20,000 பேரிடம் திரட்டிய தகவலை வைத்து 2019-ல் வெளியான ஆய்வு ஒன்று, வாரத்துக்கு 120 நிமிடமாவது இயற்கையான இடத்தில் கழித்தவர்கள் தங்கள் உடல்நலமும் மனநிலையும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு கூடுதல் என்று கண்டது. அதை ஒரே மூச்சில் கழித்தாலும் துண்டு துண்டாகக் கழித்தாலும் வித்தியாசம் தெரியவில்லை. நலமாக இருப்பவர்கள்தான் அதிகம் வெளியே போகிறார்களோ என்ற சந்தேகத்தை இப்படிப்பட்ட ஆய்வு முழுக்கத் தீர்க்காது. ஆனாலும் திட்டம் போட வசதியான எண். 120 நிமிடத்தை ஏழால் வகுத்தால் நாளுக்குப் பதினேழு, பதினெட்டு நிமிடம். இது பக்கத்துத் தெருப் பூங்காவுக்குச் சாதகமான கணக்கு. போக வர ஒரு மணி நேரம் ஆகும் இடத்துக்கு யாரும் தினம் பதினெட்டு நிமிடத்துக்காகப் போக மாட்டார்கள்.

எந்த நேரம்

பூங்காக்கள் பொதுவாகக் காலை 5 மணி வாக்கில் திறந்து இரவு 8 அல்லது 9 மணிக்குப் பூட்டப்படுகின்றன. சிலவற்றை நடுப்பகலில் மூடிவைக்கிறார்கள். பலகையில் எழுதியிருப்பதும் நடப்பதும் ஒன்றாக இருக்கும் என்று நம்ப வேண்டாம். வாட்ச்மேனைக் கேட்டால் உண்மை நேரம் கிடைக்கும். அப்படியே எந்த நாளில் தண்ணீர் பாய்ச்சுகிறார்கள் என்பதையும் கேட்டுவைத்துக்கொள்வது நல்லது. ஹோஸ் பைப் திறந்த மறு மணி நேரத்துக்கு எந்தப் பெஞ்சும் காய்ந்திருக்காது.

ஒரே நாளுக்குள் ஒரே பூங்கா நாலைந்து பூங்காவாக மாறும். 5 மணி முதல் 7 வரை நடைக்காரர்கள் ராஜ்ஜியம். சிரிப்பு கிளப், யோகா வகுப்பு, ஷட்டில்காக் எல்லாம் இதற்குள் முடியும். 7.30-லிருந்து 9 வரை திடீரென்று கலையும். வேலைக்குப் போகிறவர்கள் போய்விடுவார்கள், பள்ளி வேன்கள் கிளம்பிவிடும், பெருக்கும் அம்மா மட்டும் ஈர்க்குமாறோடு இருப்பார். என் கணக்கில் நாளின் சிறந்த ஒன்றரை மணி நேரம் இதுதான், நேரம் தங்கள் கையில் இருப்பவர்களுக்கு. மாலை 4.30 முதல் 6.30 வரை குழந்தைகள். அந்த நேரத்தில் போய் "ஒரே கூச்சல்" என்று குறைப்பட்டுக்கொள்வதில் நியாயம் இல்லை. சறுக்குமரம் அவர்களுக்குப் போட்டது. 7 மணிக்கு மேல் ஓய்வுபெற்றவர்களின் அரசியல் மாநாடு. அவர்களுக்கென்று ஒரு பெஞ்சு பட்டா போட்டதுபோல் இருக்கும். புதிதாகப் போகிறவர் அதில் உட்கார்ந்தால் யாரும் எழுப்ப மாட்டார்கள், ஆனால் நாலு பேர் சுற்றி நின்றுகொண்டே பேசுவார்கள்.

சூரியனையும் கணக்கில் எடுக்க வேண்டும். சென்னையில் ஜூன் தொடக்கத்தில் 5.40-க்கே விடிந்துவிடுகிறது, ஜனவரி கடைசியில் 6.35 ஆகிறது. கிட்டத்தட்ட ஒரு மணி நேர வித்தியாசம். கடிகாரத்தைப் பிடித்துக்கொண்டு ஆண்டு முழுக்க 6 மணிக்கே போகிறவர், கோடையில் வெயிலிலும் தை மாதத்தில் இருட்டிலும் உட்கார்ந்திருப்பார். விடிந்து பத்து நிமிடம் என்று வைத்துக்கொள்வது மேல்.

'அதிகாலைக் காற்று சுத்தமான காற்று' என்பது எல்லா மாதத்துக்கும் பொருந்தாது. டிசம்பர் முதல் பிப்ரவரி வரை இரவில் தரை குளிர்ந்து, மேலே சற்றுச் சூடான காற்று மூடிபோல் நிற்கும். புகையும் தூசியும் அதற்குக் கீழே தங்கிவிடும். வெயில் ஏறித் தரை சூடாகிக் காற்று கலங்கும்வரை அது அகலாது. போகிப் பண்டிகையன்று இதைக் கண்ணாலேயே பார்க்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் அந்த மாதங்களில் 8 மணிக்கு மேல் போவது நல்லது. கோடையில் தலைகீழ். காலையில் நிலத்திலிருந்து அனல்காற்று, நண்பகலை ஒட்டிக் கடற்காற்று உள்ளே வரும். மாலையில் உட்கார இடம் தேடுகிறவர், பூங்காவின் வேலிக்கு வெளியே கிழக்கு நோக்கி நீளும் தெரு எது என்று பார்த்து அதற்கு நேர் எதிரே உட்கார வேண்டும். வீடுகள் அடைத்த நகரத்தில் கடற்காற்று தெரு வழியாகத்தான் உள்ளே வருகிறது. பத்தடி தள்ளி உட்கார்ந்தால் இலைகூட அசையாது.

எந்தப் பெஞ்சு

பெஞ்சைத் தேர்ந்தெடுப்பதில்தான் பெரும்பாலானவர்கள் தோற்கிறார்கள். காலியாக இருக்கும் முதல் பெஞ்சில் உட்கார்வார்கள். அது கேட்டுக்குப் பக்கத்தில் இருக்கும், கேட் பெரிய சாலையைப் பார்த்து இருக்கும்.

சாலை இரைச்சல் எப்படிக் குறைகிறது என்று தெரிந்தால் தேர்வு எளிது. தொடர்ந்து வண்டி ஓடும் சாலையிலிருந்து விலகும்போது, தூரம் இரட்டிக்கும் ஒவ்வொரு தடவையும் ஏறக்குறைய 3 டெசிபல் குறையும். அரை ஏக்கர் என்பது சுமார் 45 மீட்டருக்கு 45 மீட்டர் சதுரம். சாலையிலிருந்து 5 மீட்டரில் உட்கார்ந்தவர் 40 மீட்டர் தள்ளிப் போனால் (5, 10, 20, 40 என்று மூன்று தடவை இரட்டித்தால்) 9 டெசிபல் குறைகிறது. 10 டெசிபல் குறைந்தால் காதுக்குப் பாதிச் சத்தமாகத் தோன்றும். சின்னப் பூங்காவிலும் எதிர் மூலைக்குப் போனால் இரைச்சலைக் கிட்டத்தட்டப் பாதியாக்கிவிடலாம் என்பது இதன் பொருள். குடியிருப்புப் பகுதிக்குப் பகலில் 55, இரவு 10 முதல் காலை 6 வரை 45 டெசிபல் என்று 2000-ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் வரம்பு வைத்திருக்கின்றன. பெரிய சாலை ஓரத்துப் பூங்காவில் அந்த எண்ணை எதிர்பார்க்க முடியாது. இருக்கிற பெஞ்சுகளில் எது குறைவு என்பதே கேள்வி. போனில் உள்ள ஒலியளவுச் செயலிகள் காட்டும் எண் சரியானதாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒரே போனை வைத்து இரண்டு பெஞ்சுகளை ஒப்பிட அது போதும். ஒவ்வொரு பெஞ்சிலும் மூன்று நிமிடம் வைத்துச் சராசரியைப் பார்க்க வேண்டும். ஒரு ஹாரன் அடித்த நொடியில் பார்த்த எண்ணுக்கு மதிப்பில்லை.

அதற்காக மூலைச் சுவரோடு ஒட்டி உட்காரவும் கூடாது. சுவர் ஒலியைத் திருப்பி அனுப்பும். ஓரிரு மீட்டருக்குள் உட்கார்ந்தால் நேரே வரும் சத்தத்தோடு திரும்பி வருவதும் சேர்ந்துகொள்ளும். பின்னால் அடுக்குமாடி இருந்தால் ஏசியின் வெளிப்பெட்டி எங்கே மாட்டியிருக்கிறது, ஜெனரேட்டர் எந்தப் பக்கம் என்பதையும் பார்க்க வேண்டும். சுவரிலிருந்து நாலைந்து மீட்டர் தள்ளி, முதுகுக்கு ஒரு மரமோ புதரோ இருந்து, முன்னால் பதினைந்து இருபது மீட்டர் திறந்திருந்தால் அது நல்ல இடம். முதுகுப் பக்கம் ஆள் வராது என்று தெரிந்தால் உடம்பு தானாகத் தளரும்.

வேலிச்செடி சத்தத்தைத் தடுக்கும் என்று நினைத்து நடுகிறார்கள். ஒரு வரிசைச் செடி காதுக்குச் செய்யும் உதவி மிகக் குறைவு. அது மறைப்பது கண்ணுக்கு. வண்டி கண்ணில் படாவிட்டால் அதே இரைச்சல் குறைவாக உறுத்தும். ஒலியை ஒலியால் மூடுவதுதான் சின்னப் பூங்காவில் நடக்கிற காரியம். அதற்கு அரசமரம் சிறந்தது. நீண்ட காம்பில் தொங்கும் இலை என்பதால் மற்ற மரங்கள் சும்மா நிற்கும் காற்றிலும் அரசு சலசலக்கும், மழை தூறுவதுபோல். பூங்காவில் அரசமரம் இருந்தால் மற்ற யோசனை எதுவும் வேண்டாம், அதன் அடியில் இடம் பிடிக்கலாம். நீரூற்று ஓடினாலும் இதே வேலையைச் செய்யும். மாநகராட்சிப் பூங்காக்களில் நீரூற்று ஓடிப் பார்த்தவர்கள் பாக்கியவான்கள்.

பெஞ்சின் பொருளும் முக்கியம். கருங்கல் பெஞ்சு காலையில் குளிர்ச்சியாக இருக்கும். அதே கல் மதிய வெயிலை வாங்கிவைத்துக்கொண்டு மாலை 7 மணி வரை விடாது. மேற்கு வெயில் படும் கல் பெஞ்சில் மே மாதம் உட்கார்வது தோசைக்கல்லில் உட்கார்வதற்குச் சமம். இரும்புப் பெஞ்சு சீக்கிரம் சூடாகும், சீக்கிரம் ஆறும். சாய்மானம் இல்லாத திட்டு பத்து நிமிடத்துக்குத்தான் தாங்கும். இடுப்பு வலி உள்ளவர்கள் அதை விட்டுவிடலாம்.

மேலே அண்ணாந்தும் பார்க்க வேண்டும். தென்னைக்கும் நாகலிங்கத்துக்கும் அடியில் உட்காரவே கூடாது. நாகலிங்கத்தின் பூ அழகுதான், காய் பீரங்கிக் குண்டு. மாலை நேரத்தில் காக்கைகளும் மைனாக்களும் அடையும் மரம் எது என்பது கீழே உள்ள வெள்ளைத் திட்டுகளைப் பார்த்தால் தெரியும். காற்று பலமாக வீசும் நாளில் மரமல்லி, செம்மயிற்கொன்றை இரண்டையும் தவிர்க்க வேண்டும். இரண்டின் கிளையும் பட்டென்று முறியும். 2016 டிசம்பர் 12 அன்று வர்தா புயலில் சென்னை ஆயிரக்கணக்கான மரங்களை இழந்தது. விழுந்த மரங்களில் பலவற்றின் அடியில் சிமென்ட்டோ பேவர் பிளாக்கோ தண்டை நெருக்கிப் போடப்பட்டிருந்தது. வேர் பரவ வழியில்லாமல் போனால் மரம் பார்க்கத்தான் பெரிதாக இருக்கும். பூங்காவுக்குள் டைல்ஸ் போடுவதை 'மேம்பாடு' என்று அறிவிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த டிசம்பர்தான் ஞாபகம் வருகிறது.

நடப்பது

உள்ளே போனதும் உட்காராமல் முதலில் நடக்க வேண்டும். சாலையைக் கடந்து வந்த படபடப்பு உட்கார்ந்தால் இறங்காது. கால் வழியாகத்தான் இறங்கும். பத்து முதல் பதினைந்து நிமிடம் போதும். இது சர்க்கரையைக் குறைக்கும் நடை அல்ல, அதற்கு வேறு வேகம். பேசினால் மூச்சு வாங்காத அளவுக்கு மெதுவாக, நிமிடத்துக்கு 90 முதல் 100 அடி. நாலு அடிக்கு மூச்சை உள்ளே, ஆறு அடிக்கு வெளியே. முதல் சுற்றில் எண்ணினால் இரண்டாவது சுற்றில் எண்ணாமலே வரும்.

எந்தப் பக்கம் சுற்றுவது என்பது சின்ன விஷயமாகத் தெரியலாம். நம் ஊர்ப் பூங்காக்களில் கூட்டம் பெரும்பாலும் கோயில் பிரகாரத்தைப்போல வலமாகத்தான் சுற்றும். கூட்டத்தோடு சேர்ந்து ஏறக்குறைய அதே வேகத்தில் நடந்தால், முன்னால் போகிறவரின் முதுகு மட்டும்தான் தெரியும். எதிர்த்துச் சுற்றினால் ஒவ்வொரு ஆளையும் ஒரு சுற்றுக்கு இரண்டு தடவை நேருக்கு நேர் சந்திக்க வேண்டும். முப்பது பேர் நடக்கும் பாதையில் ஐந்து சுற்று என்றால் முந்நூறு முகம். ஒவ்வொன்றுக்கும் சிரிப்பதா, வேறு பக்கம் பார்ப்பதா என்று ஒரு முடிவு எடுக்க வேண்டியிருக்கும். தனிமை வேண்டும் என்பவர் வலமாகப் போகட்டும். ஆள் பழக்கம் வேண்டும் என்பவர், புதிதாகக் குடிவந்தவர், இடமாகப் போகலாம். ஒரே வாரத்தில் தெருவே தெரிந்துவிடும்.

இப்போது பல பூங்காக்களில் எட்டு வடிவப் பாதையும், கூழாங்கல் பதித்த பாதையும் போட்டிருக்கிறார்கள். எட்டு நடைக்கு வடக்கு தெற்கு திசைக் கணக்கும், குணமாகும் நோய்களின் நீண்ட பட்டியலும் பக்கத்திலேயே பலகையில் இருக்கும். பட்டியலை நம்ப வேண்டியதில்லை. அடிக்கடி திரும்ப வேண்டியிருப்பதால் கவனம் காலடியிலேயே நிற்கும். மனசு அலுவலகத்துக்குப் போகாது. அந்த ஒரு நன்மைக்காகவே நடக்கலாம். முழங்கால் தேய்மானம் உள்ளவர்கள் எட்டைப் பெரிதாகப் போட வேண்டும், குறுகிய திருப்பத்தில் முட்டி முறுக்கும். கூழாங்கல் பாதையில் வெறுங்காலோடு நடக்கச் சொல்வார்கள். நீண்ட காலமாகச் சர்க்கரை நோய் இருந்து பாதத்தில் உணர்ச்சி குறைந்தவர்கள் அதில் இறங்கவே கூடாது. கல் கீறியது தெரியாது, புண் வந்த பிறகுதான் தெரியும்.

உட்கார்வது

நடை முடிந்ததும் பதினைந்து நிமிடம். போனை வீட்டில் வைத்துவிட்டு வருவது உத்தமம். முடியாதவர்கள் அணைத்துக் கைப்பைக்குள் போட வேண்டும், பேன்ட் பாக்கெட்டில் அல்ல. சைலண்ட் மோடு போதாது. எப்போது அதிரும் என்று தொடை காத்துக்கொண்டே இருக்கும். நேரம் பார்க்கக் கைக்கடிகாரம். காதில் மாட்டிப் பாட்டுக் கேட்பதும் இந்தக் காரியத்துக்கு எதிரி. பூங்காவின் ஒலிகள் பழகினால்தான் அவை உறுத்தாமல் போகும், காதை அடைத்துக்கொண்டால் பழகவே வழியில்லை. நடுவில் கழற்றினால் எல்லாம் பழையபடி இரைச்சல்.

பூங்காவுக்குள் காதை அடைக்கத் தேவையில்லை என்பதற்கு மயிலாப்பூர் லஸ்ஸில் உள்ள நாகேஸ்வர ராவ் பூங்கா நல்ல உதாரணம். 1893-ல் அமிர்தாஞ்சனத்தைத் தொடங்கிய காசிநாதுனி நாகேஸ்வர ராவின் பெயர் கொண்ட இடம். தலைவலிக்காரர்களுக்கு இதைவிடப் பொருத்தமான முகவரி இல்லை. சுமார் நாலு ஏக்கர், ஒரு பக்கம் லஸ் சர்ச் சாலை. அங்கே ஞாயிற்றுக்கிழமைக் காலையில் குழந்தைகள் மைக் இல்லாமல் கர்நாடகக் கச்சேரி செய்யும் வழக்கம் பல ஆண்டுகளாக இருந்துவந்திருக்கிறது. ஒரு சிறுமியின் குரல் ஒலிபெருக்கி இல்லாமல் கேட்கிறது என்றால், உள்ளே சத்தம் எவ்வளவு தணிந்திருக்கிறது என்பதற்கு வேறு கருவி வேண்டாம்.

உட்கார்ந்த முதல் ஐந்து நிமிடம் மூச்சு. நாலு விநாடி உள்ளே, ஆறு விநாடி வெளியே, ஆக நிமிடத்துக்கு ஆறு. தலை கிறுகிறுத்தால் ஆழமாக இழுக்கிறோம் என்று பொருள். நீளமாக இருந்தால் போதும், ஆழம் வேண்டாம். கண்ணை மூடாமல் செய்வதே நல்லது. மூடினால் வீட்டுக் கவலைகள் வரிசையில் வந்து நிற்கும், தூக்கமும் வரும். திறந்துவைத்து இருபது மீட்டர் தள்ளி அசையும் எதையாவது, கிளையையோ அணிலையோ, பார்த்துக்கொண்டிருக்கலாம். இப்படிப் பிடித்து நிறுத்தாமல் லேசாகக் கவரும் காட்சிகள்தான் களைத்த கவனத்துக்கு ஓய்வு தருகின்றன என்பது ரேச்சல் கப்லான், ஸ்டீபன் கப்லான் என்ற அமெரிக்க உளவியல் தம்பதியின் கருத்து. தெருவில் கவனத்தைப் பிடித்து இழுக்க ஆயிரம் இருக்கின்றன. புங்க இலை யாரையும் இழுப்பதில்லை.

மீதிப் பத்து நிமிடத்துக்கு ஒரு மரத்தையோ ஒரு பறவையையோ எடுத்துக்கொள்ள வேண்டும். தினமும் அதையே. புங்கம் பங்குனியில் இலை மாற்றி, சில நாள்களில் தளதளவென்று துளிர்த்து, சித்திரையில் தரை முழுக்கப் பூவை உதிர்த்துவிடும். கோடையில் அதன் நிழல்தான் முதல் தரம். வேம்பு பூப்பதும் அதே சமயத்தில். மகிழம்பூ விடியும் முன்பே உதிர்ந்திருக்கும், பெருக்கும் அம்மா வருவதற்குள் போனால் கைநிறையக் கிடைக்கும். காய்ந்தாலும் வாசனை போகாது. மரமல்லி ஐப்பசி கார்த்திகை இரவுகளில் பூப்பது. தூங்குமூஞ்சி மரம் ஒரு கடிகாரம். பொழுது சாயத் தொடங்கும்போதே இலைகளை மடக்கிக்கொள்ளும், மேகம் கவிந்தாலும் மடக்கும். அதனால் மழை தொடங்கும்போது அதன் அடியில் ஒதுங்குகிறவர் நன்றாக நனைவார்.

பறவைகளில் காக்கை, மைனா, கிளி எல்லோருக்கும் தெரியும். காதைக் கொஞ்சம் தீட்டினால் இன்னும் ஆறேழு பிடிபடும். மாசி பங்குனியில் 'டொக், டொக், டொக்' என்று செம்புப் பாத்திரத்தைத் தட்டுவதுபோல் விடாமல் கேட்டால் அது செம்மார்புக் குக்குறுவான். கிளை நுனியில் பட்டுப்போன கொம்பைப் பார்த்தால் ஆள் தென்படலாம், உள்ளங்கைக்குள் அடங்கும் பச்சைப் பறவை. ஏழெட்டாகச் சேர்ந்து சருகைக் கிளறிச் சண்டை போடுவது தவிட்டுக்குருவி. ஆழத்திலிருந்து வருவதுபோல் 'ஊப் ஊப்' என்பது செண்பகம். பழைய மரத்தில் பொந்து இருந்தால் இருட்டும் நேரத்தில் புள்ளி ஆந்தை ஜோடியாக வெளியே வந்து உட்காரும். ஐப்பசியில் வலசை வரும் ஆறுமணிக்குருவி ஒன்று களைத்துப்போய்ச் சின்னப் பூங்காவின் சருகில்கூட இறங்கியிருக்கலாம். அப்போது கூட்டம் கூடிப் போட்டோ எடுக்காமல் பத்தடி தள்ளி நின்றால், இரை தேடித் தின்று தெம்பு வந்ததும் கிளம்பிவிடும்.

கெடுப்பவை

கொசுதான் முதல் எதிரி. டெங்கு கொசு பகலில் கடிக்கும், விடிந்த பின் ஓரிரு மணி நேரமும் பொழுது சாயும் முன்பும் அதிகம், பெரும்பாலும் கணுக்காலில். இருட்டிய பிறகு வருவது சாக்கடைக் கொசு. இரண்டுமே காற்றில் நிலைகொள்ளாது. அதனால்தான் காற்று வரும் பெஞ்சு முக்கியம். முழுநீளப் பேன்ட், கணுக்கால் மூடும் காலுறை. செடிகளுக்குள் கிடக்கும் டீ கப், பழைய டயரில் செய்த அலங்காரத் தொட்டி, மரப்பொந்து ஆகியவற்றில் தேங்கும் நீரே டெங்கு கொசு பெருகும் இடம். கப்பைக் கவிழ்த்துவிட்டுப் போக அரை நிமிடம் ஆகும்.

சித்திரை வைகாசியில் காக்கை கூடு கட்டியிருக்கும் மரத்துக்குக் கீழே போனால் பின்மண்டையில் அடி விழும். அதற்குச் சனீஸ்வரனோடு சம்பந்தமில்லை. குஞ்சு பறக்கும்வரை, மூன்று நாலு வாரம், அப்படித்தான். பாதையை மாற்றிக்கொள்ளலாம், இல்லாவிட்டால் குடை பிடிக்கலாம். மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி. பெஞ்சை ஒரு துணியால் தட்டிவிட்டு உட்கார்வது நல்ல பழக்கம்.

பேச்சுத் துணை சிலருக்கு மருந்து, சிலருக்கு நோய். பழகிய பூங்காவில் "என்ன சார், நேத்து ஆளைக் காணோம்?" என்று ஒருவர் கேட்பது பழக்கம் தரும் நன்மைகளில் ஒன்று, அந்த ஒரு கேள்விக்காகவே தனியாக வாழும் பெரியவர்கள் பலர் வருகிறார்கள். அது தினசரி ஒரு மணி நேர உரையாகாமல் இருக்க, பேச்சை உட்கார்ந்து தொடங்கக் கூடாது. "வாங்க சார், நடந்துகிட்டே பேசலாம்" என்று எழுந்துவிட்டால் இரண்டு சுற்றில் முடியும். பிறகு தனியாக வந்து உட்கார்ந்தால் யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

பெண்களுக்கு இந்தக் கணக்குகள் கொஞ்சம் மாறும். புதருக்குப் பின்னால் ஒதுங்கிய மூலைப் பெஞ்சு, ஒலிக்கணக்கில் முதலிடம் பெற்றாலும், தனியாக வரும் பெண்ணுக்கு உதவாது. முறைத்துப் பார்க்கும் ஒரு ஆள் போதும், பழகியதெல்லாம் வீண். பாதைக்கு ஓரமாக, விளக்குக் கம்பத்துக்குக் கீழே, நடைக்காரர்கள் கண்ணில் படும்படி இருப்பதே அவர்களுக்கு நல்ல பெஞ்சு. காலை நேரம் இதனாலேயே பெண்களால் நிரம்புகிறது. கழிப்பறை இருக்கிறதா என்பதைவிட, அதன் சாவி யாரிடம், எத்தனை மணி வரை என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

பூங்காவே இல்லாமல் போவதும் உண்டு. ஷெனாய் நகர் திரு.வி.க. பூங்கா மெட்ரோ ரயில் வேலைக்காக எடுக்கப்பட்டுப் பல ஆண்டுகள் மூடிக் கிடந்தது. இரண்டாம் கட்டப் பணிக்குப் பனகல் பார்க்கின் ஒரு பகுதி போயிருக்கிறது. அதனால் இரண்டாவது பூங்கா ஒன்றையும், வாரத்துக்கு ஒரு நாளாவது போய், பழக்கத்தில் வைத்துக்கொள்வது நல்லது. அப்படி ஒன்றைத் தேடுகிறவர்கள் புதிய அடுக்குமாடி மனைப்பிரிவுகளின் ஓரத்தைப் பார்க்கலாம். 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில் சாலை போக மீதியில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்குத் தானமாக எழுதிக்கொடுக்க வேண்டும் என்பது விதி. ஓ.எஸ்.ஆர். நிலம் என்று அதைச் சொல்வார்கள். கட்டியவர்கள் வேலி போட்டு, குடியிருப்பின் சொந்தத் தோட்டம்போல் காட்டி வைத்திருப்பார்கள். உள்ளே பலகை இருக்கும். மாநகராட்சிப் பெயர் இருந்தால் அது எல்லோருக்கும் உரியது, செக்யூரிட்டி தடுத்தாலும் உள்ளே போக உரிமை உண்டு.

விளக்கு எரியாவிட்டால், கிளை முறிந்து தொங்கினால், கழிப்பறை பூட்டியே கிடந்தால் மாநகராட்சியின் 1913 எண்ணுக்குச் சொல்லலாம். 'பார்க்கில் லைட் எரியவில்லை' என்று பொதுவாகச் சொன்னால் வருகிறவர் எரிகிற நாலு விளக்கைப் பார்த்துவிட்டுப் போய்விடுவார். கம்பத்தில் எண் எழுதியிருந்தால் அது, இல்லாவிட்டால் கேட்டிலிருந்து வலப்பக்கம் எத்தனையாவது கம்பம், எத்தனை நாளாக எரியவில்லை, அருகில் உள்ள தெருவின் முழுப் பெயர் ஆகியவற்றைச் சொல்லிப் புகார் எண்ணைக் குறித்துக்கொள்ள வேண்டும். முறிந்த கிளை என்றால் புகார் கொடுத்த கையோடு வாட்ச்மேனிடம் சொல்லி அதன் அடியில் உள்ள பெஞ்சுக்குக் குறுக்கே ஒரு கயிறு கட்டச் சொல்லலாம். ஆள் வர இரண்டு நாள் ஆனாலும் அதுவரை குழந்தைகள் அங்கே போகாமல் இருக்கும்.